பிரேக்கில் குறை இல்லை

அம்பாசிடர் காரில் ஸ்டீரிங் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. வண்டியை நிறுத்திவைத்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைத்தால், ஒரு விரல்கடை வரைக்கும் சக்கரம் அசையாமல் இருப்பது நியாயம். அதற்கு மேல் ஆடினால் என்னிடம் கொண்டுவரலாம் என்று இருபத்தேழு வருஷமாகச் சிங்காநல்லூரில் சொல்லி வருகிறேன். இன்ஸ்பெக்டர் ஐயாவின் மைத்துனர் காருக்கும் ஒருமுறை சொன்ன ஞாபகம் இருக்கிறது.

என் வாக்குமூலத்தை ரைட்டர் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு ஏன் சிரமம் என்று காகிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். ஃபேன் போட்டுவிட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். இந்த ஸ்டேஷனில் எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்பதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

எதற்காக இதை எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். போன வைகாசிக் கடைசியில், கல்லாறு தாண்டி குன்னூர் போகிற பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் அங்கப்பனின் டாக்ஸி சுவரை இடித்துக்கொண்டு கீழே போனது. அவனும் அவன் சம்சாரம் பழனியாத்தாளும் அங்கேயே முடிந்துபோனார்கள். வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர், பிரேக் பிடிக்காததால் விபத்து, பிரேக் வேலை செய்த மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். அவருடைய பதவிப் பெயரிலேயே பிரேக் இருக்கிறது, பாவம், வேறு எதை நினைப்பார். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அன்றைக்கு மலையில் மழை. ஈர ரோட்டில் தடம் எப்படி நிற்கும்?

அந்த பிரேக்கை விபத்துக்கு மூன்று நாள் முன்பு நான் என் கையால் பார்த்தேன். நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ, புது ரப்பர், புது ஆயில். அது பிடிக்காமல் போக வழியே இல்லை. என் வக்கீல், "பேசாம ஒத்துக்கங்கண்ணா, கவனக்குறைவுதானுங்க, கொஞ்ச நாள்ல வெளிய வந்துரலாமுங்க" என்கிறார். என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் குமாரசாமி போட்ட பிரேக் பிடிக்கவில்லை என்று அரசாங்கக் காகிதத்தில் இருப்பதை நான் பொறுத்துக்கொள்ள முடியாது. நடந்தது வேறு. அதை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எழுதும்போது அங்கப்பனை அவன், இவன் என்று வருகிறது. நேரில் அப்படிப் பேசமாட்டேன். "வாங்க அங்கப்பா, உக்காருங்க" என்றுதான் சொல்வேன். அவன் அப்பன் சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் பண்ணைவேலை பார்த்தவன். என் அப்பாவைச் சாமி என்று கூப்பிடுவான். அங்கப்பனும் டிரைவிங் பழகிய புதிதில் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டான். காலம் மாறிவிட்டது, அண்ணா என்றே கூப்பிடுங்க என்று நான்தான் சொன்னேன். அதெல்லாம் பார்க்கிற ஆள் நான் இல்லை. டீக்கடைகளில் அந்த நாளில் டம்ளர் எப்படி இருந்தது என்று ஐயாவுக்குத் தெரியும். என் ஒர்க்‌ஷாப்பில் மற்ற டிரைவர்களுக்குப் பழைய எவர்சில்வர் டம்ளர்தான். அங்கப்பன் வந்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் புது பிளாஸ்டிக் கப் வாங்கிவரச் சொல்வேன். யாரும் உபயோகிக்காத கப்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் வண்டியைக் கழற்றிப் பார்த்துக் கோளாறு சொல்வதில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு விரலால் ஸ்டீரிங்கை அசைப்பேன். எங்கே தேய்மானம், எந்தப் பக்கம் என்று விரல் சொல்லிவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்பானரை எடுப்பேன். இருபத்தேழு வருஷத்தில் விரல் தப்பியதில்லை. தாராபுரத்திலிருந்தெல்லாம் இதைப் பார்க்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தொண்ணூற்றேழு தை மாதம், பொங்கல் கழிந்த நாலாம் நாள், அங்கப்பன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டியது. ஸ்டீரிங் நாலு விரல்கடை ஆடுகிறது என்றான். அங்கே ஸ்டாண்டு டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"ரேக் பல்லு போச்சுங்க அங்கப்பா. புது ரேக்தான் போடோணும்" என்றேன்.

"தொறந்து ஒருதடவை பாத்தரலாமுங்களாண்ணா?"

"நாடி புடிச்சாப் போதாதா, வயித்தைக் கிழிச்சா வைத்தியன் பாக்கறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். போகிறபோது அவன் மறுபடியும் யோசிப்பது தெரிந்ததால், எல்லோர் காதிலும் விழும்படி இன்னொன்றும் சொன்னேன். "இந்த ரேக்கை மாத்தாம மலைக்குப் போனா, நடக்கறதுக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க." அக்கறையில் சொன்னதுதான். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன், ஊட்டிக்கும் குன்னூருக்கும் போகாமல் இருக்கப்போகிறானா?

இங்கே ரேக் என்றால் என்ன என்று இரண்டு வரி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது ஐயாவுக்குப் புரியாது. முன் சக்கரங்களுக்கு நடுவே ஒரு குழாய் படுத்திருக்கும். அதற்குள் பல் வெட்டிய நீளமான கம்பி, அதுதான் ரேக். ஸ்டீரிங்கைத் திருப்பினால் ஒரு சின்னப் பல்சக்கரம் சுற்றி, ரேக்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும், சக்கரம் திரும்பும். உள்ளே ஆயில் இருக்கும். இரண்டு முனையிலும் ரப்பர் உறை. உறை கிழிந்தால் ஆயில் ஒழுகும், மண் உள்ளே போகும், பல் தேயும். அதிலும் நடுப் பல்தான் தேயும். கோயில் படிக்கட்டில் நடுவில்தானே குழி விழுகிறது, ஓரத்தில் யார் கால் வைக்கிறார்கள்? வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது. முழுக்கத் திருப்புகிறபோது மட்டும்தான் ஓரப் பல்லுக்கு வேலை.

ரேக்கைப் பல்சக்கரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க அடியில் ஒரு மூடி இருக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அந்த மூடிக்கும் குழாய்க்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடுகள் தீர்மானிக்கும். தகடு அதிகம் வைத்தால் தளர்வு, எடுத்தால் இறுக்கம். நடுவில் தேய்ந்த ரேக்கில், நடுவை நம்பி இறுக்கினால், தேயாத ஓரம் வரும்போது கடித்துக்கொள்ளும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த பாலபாடம்.

அங்கப்பன் புது ரேக் போடவில்லை. சூலூரில் கதிர் என்று ஒருவன் புதிதாக ஷெட் போட்டிருந்தான். முப்பது வயசு. அவனும் அங்கப்பன் தெருக்காரன்தான், நான் அதைச் சொல்ல வரவில்லை. கதிர் குழாயைக் கழற்றி, ரேக்கை வெளியே எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறான். பல் நன்றாக இருக்கிறது, ஆட்டம், ரேக் முனையைச் சக்கரத்தோடு இணைக்கிற பால் ஜாயிண்டில் என்று சொல்லி, இரண்டு ஜாயிண்டும் ரப்பர் உறையும் மாற்றி, ஆயில் ஊற்றிக் கொடுத்துவிட்டான். அரை நாள் வேலை.

மறுநாள் காலை டீக்கடையில் அங்கப்பன் பழைய பால் ஜாயிண்டு இரண்டையும் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே வருவதைப் பார்த்துப் பொட்டலத்தை மடிக்கப் பார்த்தான். நல்ல குணம்தான். ஆனால் வேலன் என்ற டிரைவர் விடவில்லை.

"அட, அண்ணங்கிட்டயும் காட்டுங்க."

"ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றான் அங்கப்பன். "இந்த ஒருதடவை உங்க கை உங்களையே ஏமாத்திப்போட்டுதுங்க."

"யானைக்கும் அடி சறுக்குமுங்க" என்றார் வேலன்.

நான் சிரித்தேன். பால் ஜாயிண்டை வாங்கிப் பார்த்து, ஆமாம், தேய்ந்துதான் இருக்கிறது என்றேன். டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு முழுவதும் எந்த ஸ்டீரிங்கைத் தொட்டாலும் விரலில் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது. அது டீயினால் இருக்கும்.

மாசி, பங்குனி இரண்டு மாதத்தில் அங்கப்பன் ஏழு தடவை மலைக்குப் போய்வந்தான். நான் எண்ணவில்லை, ஸ்டாண்டில் சொன்னார்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் யாராவது ஒருவர், "அண்ணன் சொன்ன மலை இன்னும் அங்கயேதான் இருக்குதுங்களா அங்கப்பா?" என்று கேட்பார். அவன், "இருக்குதுங்க, அண்ணனைக் கேட்டதாச் சொல்லச் சொல்லுச்சு" என்பான். வேடிக்கைப் பேச்சு. எங்கள் பக்கம் யாரையும் முகத்துக்கு நேராக நோகடிக்கமாட்டார்கள், 'ங்க' போட்டுத்தான் கேலி செய்வார்கள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கும்.

என்னிடம் வந்துகொண்டிருந்த வண்டிகள் சூலூருக்குப் போக ஆரம்பித்தன. அது எனக்குப் பெரிய விஷயமில்லை, தோட்டம் இருக்கிறது, பசங்கள் செட்டிலாகிவிட்டார்கள். ஆனால் வந்தவர்களும் ஒன்று கேட்கத் தொடங்கினார்கள். நான் கண்ணை மூடி விரலை வைத்துக் கோளாறைச் சொன்னதும், மெதுவாக, மரியாதையாக, "ஒருதடவை தொறந்து பாத்தரலாமுங்களா?" என்பார்கள்.

வைகாசி மூன்றாம் வாரம் அங்கப்பனே வந்தான். கையில் ஒரு சீப்பு பழம். பிரேக் வேலை இருக்கிறது, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றான். சூலூருக்குக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டேன்.

"ஊட்ல திட்றாளுங்கண்ணா" என்றான். "பெரியவங்க மனசை நோகடிச்சுப்போட்டு என்னத்தைச் சம்பாதிக்கப் போறீங்கன்னு கேக்கறா. நானு சும்மா வெளையாட்டுக்குப் பேசுனதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"அட, நான் எதையும் வெச்சுக்கலீங்க அங்கப்பா."

பிரேக்கில் அப்படி ஒன்றும் அவசர வேலை இல்லை. இன்னும் ஆறு மாதம் தாங்கும். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு வந்திருந்தான். எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள், வேலை கொடுத்து. பிள்ளை மதிவதனிக்குக் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுகிறோம் என்றும் சொன்னான். அவர்கள் தெருவிலேயே வாத்தியார் வேலைக்குப் போகிற முதல் பெண். அதை இரண்டு தடவை சொன்னான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் அப்பன்வழித் தாத்தாவுக்குக் கைநாட்டுதான், எங்கள் வீட்டுக் கணக்கில் பார்த்திருக்கிறேன்.

வண்டியை விட்டுவிட்டுப் புறப்பட்டவன் வாசலில் நின்று திரும்பினான். "ஸ்டீரிங்கையும் ஒருதடவை கை வெச்சுப் பாத்துருங்கண்ணா. உங்க கை பட்டாத்தானுங்க எனக்குத் திருப்தி."

இந்த இடத்தை ஐயா கவனிக்க வேண்டும். நானாகத் தொடவில்லை. அவன் கேட்டான்.

பிரேக் வேலையை ஒரே நாளில் முடித்தேன். அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை, திரும்பவும் சொல்கிறேன். மறுநாள், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தபோது, நானே அடியில் படுத்து ரேக் மூடியைக் கழற்றினேன். கதிரின் வேலை சுத்தமாக இருந்தது. பல்லைப் பார்த்தேன். நல்ல பல். ஒன்பது வருஷம் ஓடிய வண்டியில் நடுவில் ஒரு மயிரிழை தேயும், அதுகூடக் கையால் தடவினால்தான் தெரியும். அதற்கேற்ற மாதிரி நாலு தகடு வைத்து, நடுவில் சற்றே தளர்வாக, ஓரத்தில் தாராளமாக, கணக்காக விட்டிருந்தான். நானாக இருந்தாலும் நாலுதான் வைத்திருப்பேன்.

ஆக, தை மாதம் நான் சொன்னது தப்பு. அதை அந்த மூடியைக் கழற்றிய பத்தாவது நிமிஷமே ஒப்புக்கொண்டேன், மனசுக்குள். ஒரு மனுஷன் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லும் வண்டியும் இரண்டு வேறாக இருந்தால், இரண்டில் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். சொன்ன சொல்லை மாற்றுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நான் மெக்கானிக். வண்டியைச் சரிசெய்தேன். இரண்டு தகட்டை எடுத்துவிட்டு மூடியை முறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை அங்கப்பன் வந்தான். திருச்சி ரோட்டில் சூலூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வேலை முடிந்தால் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நடை போய்வருவது என் பழக்கம். ரோடு நேர் ரோடு. நடுப் பல் இறுகப் பிடித்திருந்ததால் ஸ்டீரிங் இம்மியும் ஆடவில்லை.

"புது வண்டியாட்டம் இருக்குதுங்கண்ணா" என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. "கதிர் கையில இது வரலீங்க. உங்களை நம்பாமப் போய்ட்டனுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன். சூலூரில் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஸ்டீரிங்கை நான் வாங்கிக்கொண்டேன், அவன் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று. பெட்ரோல் பங்க் பக்கத்தில் தாராளமான இடம், அகலமாக வளைத்துத் திருப்பினேன். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குடும்பத்தோடு ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்து நின்றார்கள். வண்டி மேல் டிரங்குப் பெட்டி, சுருட்டிய மெத்தை, ஒரு பிளாஸ்டிக் வாளி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பழனியாத்தாள் ஒரு டப்பா நிறையக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"புள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணா" என்றாள்.

மதிவதனி என் காலைத் தொட்டது. நல்லா இரு அம்மணி என்றேன். பிறகு அங்கப்பன், ஸ்டீரிங்கை ஒருமுறை தொட்டுக் கொடுக்கச் சொன்னான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தொட்டேன்.

"மலைக்குப் போலாமுங்களாண்ணா?" என்று கேட்டான். தை மாதம் நான் சொன்னதை நினைத்துக் கேட்கிறான். கேலியாக இல்லை. உத்தரவு கேட்கிற மாதிரி கேட்டான். அவன் அப்பன் தோட்டத்திலிருந்து வீட்டுக்குப் போகும் முன் என் அப்பாவிடம் அப்படித்தான் கேட்பான்.

"போய்ட்டு வாங்க" என்றேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி நகர்ந்தது. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்களிடம் வேண்டாம் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. வண்டி தெருமுனை அரசமரம் வரைக்கும் போவதற்குள் கூப்பிட்டிருக்கலாமே என்று ஐயா கேட்கலாம். அதையும் யோசித்தேன். கிளம்பிப் போகிறவர்களைப் பின்னால் நின்று கூப்பிடுவது அபசகுனம், எங்கள் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். அதனால் கூப்பிடவில்லை. கச்சாயத்தில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

மேலே போகும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏற்றத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும், வளைவில் ஸ்டீரிங் கடித்தாலும் இரண்டு கையால் இழுத்துத் திருப்பிவிடலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, மழை தூறும்போது இறங்கியிருக்கிறார்கள். இறக்கத்தில் அந்த அவகாசம் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் முழுக்கத் திருப்ப வேண்டும். முக்கால்வாசி திரும்பி ஸ்டீரிங் கடித்துக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்திருப்பான். பிரேக் பிடித்திருக்கும். பிடித்ததால்தான் சக்கரம் நின்று, ஈரத்தில் வழுக்கிக்கொண்டு நேராகப் போயிருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சேதி ஸ்டாண்டுக்கு வந்ததும் முதலில் கிளம்பியது நான்தான். இரண்டு உடம்பையும் ஊருக்குக் கொண்டுவர வண்டி ஏற்பாடு செய்ததும் நான்தான், வேலனைக் கேட்டால் சொல்வார். எழவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் குடித்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மதிவதனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னது. "போறப்பவே ஸ்டீரிங் இறுக்கமா இருக்குதுன்னு அப்பா சொன்னாருங்க. அம்மா, நிறுத்திப் பாருங்கன்னு சொல்லுச்சுங்க. அண்ணன் கைவேலை, புதுசுல அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாயிரும்னு அப்பா சொல்லிப்போட்டாருங்க."

என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை திரும்பியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது பொய் அழுகை இல்லை.

நசுங்கிய வண்டியை உங்கள் ஆட்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு காலி இடத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அறிக்கை வந்த பிறகு ஒருநாள் போனேன். கதிர் அங்கே அடியில் படுத்திருந்தான். ரேக் மூடி கழற்றியிருந்தது. எழுந்து வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"நான் நாலு தகடு வெச்சனுங்கண்ணா. ரெண்டுதானுங்க இருக்குது."

"விழுந்த வேகத்துல எங்காச்சும் தெறிச்சிருக்குங் கண்ணு."

"மூடி முறுக்குன மேனிக்கே இருந்துச்சுங்க."

கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான் என்றாலும், நல்ல மெக்கானிக். ஸ்டேஷனுக்கும் வந்து சொல்லியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அறிக்கைதான் வந்துவிட்டதே, போய் உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டீர்களாம். ஐயா, அவன் சொன்னது சரி. இந்த வழக்கில் சரியாகக் கோளாறு சொன்னவன் அவன் ஒருவன்தான். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கடவுளுக்குத் தெரியும். மற்றதை எழுதும்போது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆகையால் சட்டப்படி என்னவோ அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். தகடு இரண்டையும் எடுத்தது நான். எடுத்தால் மலையில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் எடுத்தேன். எந்த நாள் போகிறார்கள், வண்டியில் யார் யார் இருப்பார்கள் என்பதும் தெரியும், அந்தப் பிள்ளையும் இருக்கும் என்பது உட்பட. அங்கப்பன்மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. அவனோடு எந்த நாளும் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை.

கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. இந்த வாக்குமூலத்தில் ஒரு பிரதி மதிவதனிக்குக் கொடுக்க வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று பேப்பரில் போட்டதைப் படித்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் இல்லையாம். அப்பா மிதித்து மிதித்துப் பார்த்திருப்பார், பிடித்திருக்காது, அதுவே கண்ணுக்குள் வருகிறது என்று என்னிடம் சொல்லி அழுதது. பிரேக் கடைசிவரைக்கும் நன்றாகப் பிடித்தது என்று என் கையெழுத்திலேயே படித்தால், அதற்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.